ஆணி தேயும் வரை

கரையான்சாவடி
14.6.1993, திங்கள்

தங்கச்சி ஹில்டாவுக்கு,

அண்ணன் அருள்தாஸ் எழுதுகிறேன். கவரில் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இந்த வரி வரைக்கும் வந்திருக்கிறாய் என்றால், மீதியையும் படித்துவிடு. மூன்று வருஷம் ஆகிறது நீ என்னோடு பேசி. அம்மாவின் முப்பதாம் நாள் பூசையில்கூட என் பக்கம் திரும்பவில்லை.

விஷயம் நல்ல விஷயம். சனிக்கிழமை மாப்பிள்ளை நம் டயர் கடைக்கு வந்தார். ஃபியட்டை நேராக வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். “இன்னா மச்சான், காத்து புடிப்பியா, இல்ல என் மேல கோவமா கீறியா?” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீ சொன்னேன்.

வண்டி வரும்போதே கவனித்தேன், ஒரே ஊளை. பழைய ஓனர், தேய்ந்த டயர் மேல் புது ரப்பர் ஒட்டி, ஜீப்புக்குப் போடுகிற மாதிரி கட்டை கட்டையாகப் பட்டன் வைத்து ரீட்ரெட் பண்ணியிருக்கிறான். அதுவும் ஒரு பக்கமாகத் தேய்ந்து ரம்பப் பல் மாதிரி இருக்கிறது. “பின்னாடி ரெண்டு மட்டும் மாத்துங்க, போதும்” என்றேன். பார்க்கலாம் என்றார்.

டீ குடிக்கும்போது சும்மா சிரிப்புக்காக நம் அப்பா லாரிக் கதையைச் சொன்னேன். பின் சக்கரத்தில் ரப்பர் பிய்ந்து தொங்கி, சாவடி திருப்பத்திலேயே ‘டப்பு டப்பு’ என்று கேட்குமே. நீதான் முதலில் கண்டுபிடிப்பாய். நான் சீட்டுக்கட்டை ஒளிப்பேன், நீ பாடப் புத்தகத்தைத் திறப்பாய், அம்மா சோற்றை எடுத்து வைப்பாள். “எங்க ஹில்டாவுக்கு அப்பேர்ப்பட்ட காது மாப்பிள்ளை. நீங்க ரயில்வே கேட் சரிவுல இஞ்சினை ஆஃப் பண்ணி உருட்டிகினு வந்தாலும், இந்த டயர் சத்தத்துக்கு அவ எல்லாம் ரெடி பண்ணி வச்சிருப்பா” என்றேன். அவரும் சிரித்தார். “ஆமா மச்சான், எப்ப போனாலும் எல்லாம் ரெடியாத்தான் கீது. எப்படின்னு நானும் யோசிச்சிருக்கேன்” என்றார். அந்தக் கதையை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம், “ரெண்டு வேணாம், நாலும் மாத்திடு. உன்கிட்ட இருக்கிறதுலயே சத்தம் வராத டயரா போடு” என்றார்.

வரும் சனிக்கிழமை போடுகிறேன். நல்ல சரக்காகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறேன். குடும்பம் ஒன்று சேர இது ஒரு வழியாகட்டும். ரோஸிக்கு மாமாவின் முத்தம்.

அருள்தாஸ்


அண்ணனூர்
17.6.1993

அண்ணனுக்கு,

தபால்காரர் வந்தபோது நான் வாசலில் நின்றது என் நல்ல நேரம். இனி இந்த விலாசத்துக்கு எழுதாதே. பின்வீட்டு வேம்புலியம்மாள் பெயருக்கு எழுது. கார் ஷெட்டில் ரயில் பெட்டி கழுவும் வேலை செய்கிறார். படிக்கத் தெரியாது. பிரிக்காமல் என்னிடம் தருவார்.

டயரை மாற்றாதே. சரக்கு வரவில்லை என்று சொல், அளவு கிடைக்கவில்லை என்று சொல். பழையதே இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்று சொல். நீ சொன்னால் நம்புவார். காரணம் கேட்காதே.

நம் அப்பாவின் லாரிக் கதையை அவரிடம் ஏன் சொன்னாய்? அது உனக்குச் சிரிப்புக் கதையா? அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா முதலில் செய்வது சோறு வைப்பதல்ல. கையிலிருக்கும் கண்ணாடி வளையல்களைக் கழற்றி அலமாரியில் வைப்பாள். உடைந்தால் சதையில் ஏறும். நீ சீட்டுக்கட்டை ஒளித்துக்கொண்டிருந்ததால் பார்த்திருக்க மாட்டாய். நான் பார்த்தேன்.

இந்தக் கடிதம் சனிக்கிழமைக்குள் உனக்குக் கிடைக்க வேண்டும்.

ஹில்டா


கரையான்சாவடி
21.6.1993

ஹில்டா,

உன் கடிதம் இன்று மதியம்தான் வந்தது. சனிக்கிழமை காலையிலேயே போட்டு அனுப்பிவிட்டேன்.

நீ ஏன் வேண்டாம் என்கிறாய் என்று புரியவில்லை. விலை போகாத சரக்கைத் தலையில் கட்டிவிடுவேன் என்று நினைத்தாயா? மூன்று கம்பெனி டயரை எடுத்து வைத்துப் பார்த்தேன். பெரிய கட்டையாகப் பட்டன் இருந்தால் ஒவ்வொரு கட்டையும் ரோட்டை அறையும். நடுவில் இருக்கும் குழிக்குள் காற்று மாட்டி ஊதும். அதுதான் அந்த ஊளை. நான் எடுத்தது ரேடியல். கோடு கோடாகப் பட்டன், கட்டைகளெல்லாம் சின்னது, ஒன்று பெரிசு ஒன்று சிறிசு என்று கலந்து வைத்திருப்பான், அதனால் ஒரே சுருதியில் பாடாது. ரப்பரும் மெத்தென்று இருக்கிறது. உள்ளங்கையால் முன்னும் பின்னும் தடவிப் பார்த்தேன், பூனை முதுகு மாதிரி. போட்ட பிறகு கேட்டுப் பார்க்க வேண்டும் என்று, இஞ்சினை ஆஃப் பண்ணிவிட்டு டிரங்க் ரோட்டில் நானே உருட்டிப் பார்த்தேன். என் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. இருபது வருஷத்தில் இவ்வளவு பதமாக நான் வேலை செய்ததில்லை.

மாப்பிள்ளை என் தோளில் தட்டிக் கொடுத்தார்.

வளையல் விஷயம் எனக்குத் தெரியாது. நேற்றுவரை யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அங்கே ஏதாவது உண்டா ஹில்டா? எழுது.

அருள்தாஸ்


அண்ணனூர்
27.6.1993, ஞாயிறு

அண்ணா,

ஏதாவது உண்டா என்று கேட்டிருக்கிறாய். ஆறு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான நாலாவது மாசம், உதடு கிழிந்து உன் வீட்டு வாசலில் வந்து நின்றேனே, அப்போது கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அப்போது நீ, “புருஷன் பொண்டாட்டின்னா நாலும் இருக்கும்” என்று சொல்லி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டாய். அதற்குப் பிறகும் உன் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தேன், எதுவும் சொல்லாமல். அம்மா சாகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, “நான்தான் உன்னைத் திருப்பி அனுப்பினேன்” என்று அழுதாள். அனுப்பியது நீ. நீ ஒரு வார்த்தை பேசாமல் பக்கத்தில் நின்றாய். அன்றைக்கு நிறுத்தினேன் பேச்சை.

நடந்ததை எழுதுகிறேன். அவர் இஞ்சினை நிறுத்தி உருட்டிக்கொண்டு வந்தாலும், அந்தப் பழைய டயர் கேட் சரிவில் இறங்கும்போது முனகத் தொடங்கும். அங்கிருந்து எங்கள் வாசலுக்கு வர நான் முப்பது எண்ணுவேன். அந்த முப்பதுக்குள் படித்துக்கொண்டிருக்கும் புத்தகம் அரிசி டப்பாவுக்குள் போகும், அரிவாள்மனை கட்டிலுக்கு அடியில் போகும், ரோஸி பின்வாசல் வழியாக வேம்புலியம்மாள் வீட்டுக்குப் போவாள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் வெறும் வார்த்தையோடு முடியும். இல்லாவிட்டால் கை. வாடகை நூலகத்திலிருந்து எடுத்து நான் படித்த அத்தனை புத்தகமும் அந்தச் சத்தத்தின் தயவில் படித்தது. என் உயிரும் அதன் தயவில்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணி. ரோஸி தரையில் உட்கார்ந்து சிலேட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். நான் படித்துக்கொண்டிருந்தேன். எந்தச் சத்தமும் இல்லை. பக்கம் திருப்ப நிமிர்ந்தபோது அவர் நிலைப்படியில் நின்றிருந்தார், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்தபடி. எவ்வளவு நேரமாக நின்றாரோ.

“இன்னாடி, இன்னிக்குக் காது கேக்கலியா?” என்றார்.

முதல் அறை இடது காதில். உள்ளே ஏதோ கிழிந்தது எனக்கே கேட்டது. அந்தக் காது கடைசியாகக் கேட்டது அதுதான். கூந்தலைப் பிடித்து முகத்தைச் சுவரில் இரண்டு தடவை மோதினார். ரோஸியின் சிலேட்டைப் பிடுங்கி என் முழங்கையில் அடித்தார். சிலேட்டு உடைந்தது, கை உடையவில்லை. புத்தகத்தை முதுகு பிளந்து இரண்டாகக் கிழித்தார். ரோஸி அழவில்லை. உடைந்த சிலேட்டுத் துண்டுகளைப் பொறுக்கி அளவு பார்த்து ஒட்டவைத்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்து கை கழுவும்போது சொன்னார்: “உங்க அண்ணன் கெட்டிக்காரன். நல்ல டயராத்தான் பார்த்துப் போட்டிருக்கான்.”

ஆஸ்பத்திரியில் செவிப்பறை கிழிந்துவிட்டது என்றார்கள். குளிக்கும் இடத்தில் வழுக்கி விழுந்தேன் என்றேன். எழுதிக்கொண்டார்கள்.

ஹில்டா


கரையான்சாவடி
30.6.1993

ஹில்டா,

உன் கடிதத்தைக் கடையிலேயே படித்தேன். எதிர்க்கடைக்காரர் வந்து என்னை உட்காரவைத்தார்.

நான்தான் ஏற்றிவிட்டேன். வாழைப்பழம்கூட நினைவிருக்கிறது.

அவனை விடப்போவதில்லை. லாரி டயர் கழற்றுகிற லீவர் ஒன்று இருக்கிறது, மூன்றடி. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டில் இருப்பான்தானே? நானும் கடைப் பையன்கள் நாலு பேரும் வருகிறோம். இரண்டு முழங்காலையும் எடுத்துவிட்டால் கிளட்ச் மிதிக்க முடியாது. அப்புறம் அவன் எந்த டயரில் வந்தால் என்ன?

நீ சரி என்று ஒரு வரி எழுது. எழுதாவிட்டாலும் வருவேன்.

அருள்தாஸ்


அண்ணனூர்
3.7.1993

அண்ணா,

வராதே. இதை வேம்புலியம்மாளின் மகன் கையில் கொடுத்து அனுப்புகிறேன், தபாலை நம்பவில்லை.

உன் லீவர் ஒரு நாள் வேலை செய்யும். மறுநாள் நீ பூந்தமல்லி சப்ஜெயிலில் இருப்பாய், நான் அதே வீட்டில் இருப்பேன், அவர் கட்டுப் போட்ட காலோடு கட்டிலில் கிடப்பார். கட்டிலில் கிடக்கும் மனுஷனிடமிருந்து எப்படி ஓடுவது? இப்போதாவது வெளியே போகிறார். அடிக்கிறவர்களுக்கு நடுவிலேயே வளர்ந்தேன். இன்னொருவன் வந்து அடிப்பது எனக்கு விடுதலை இல்லை.

வியாழக்கிழமை மறுபடியும் நடந்தது. குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்றார். கரண்டியைப் பிடுங்கி என் கழுத்தில் வைத்தார். இப்போது என் நாள் முழுக்க இப்படித்தான் போகிறது: வலது காதை வாசல் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு உட்காருகிறேன், சமைக்கிறேன், குளிக்கிறேன். படுத்தால் இடது பக்கம் மட்டும்தான் படுக்கிறேன். நல்ல காது மேலே இருக்க வேண்டும். அப்படியும் ஒன்றும் கேட்பதில்லை. நீ அவ்வளவு நன்றாகத் தேர்ந்தெடுத்திருக்கிறாய்.

என்னிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடு. அந்த வண்டிக்கு ஒரு சத்தம் வேண்டும். அவருக்குக் கேட்கக் கூடாது, எனக்குக் கேட்க வேண்டும். அது உன் தொழில், எப்படி என்று நீ யோசி.

ஹில்டா


கரையான்சாவடி
12.7.1993

ஹில்டா,

செய்துவிட்டேன். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததையும் உன்னிடம் சொல்லியாக வேண்டும். பாவமன்னிப்புக் கேட்டுச் சாமியாரிடம் சொல்லும் தைரியம் இல்லை.

புது டயர் போட்டால் மூன்று வாரத்தில் ஒருமுறை கொண்டுவந்து நட்டை இறுக்கிப் பார்க்க வேண்டும் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். சனிக்கிழமை வந்தான். கடைப் பையன்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். பின்னால் இடது சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கிக் கழற்றினேன். ஜாக்கி மேல் எப்போதும் நம்பிக்கை வைக்கக் கூடாது, பக்கத்தில் மரக்கட்டை முட்டுக் கொடுக்க வேண்டும். நான் பையன்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடம் அது. அன்று நான் கட்டை வைக்கவில்லை. மறந்தேனா, வேண்டுமென்றே விட்டேனா, எனக்கே சொல்லத் தெரியவில்லை.

சைலன்சரில் ஏதோ ஆடுகிறது என்று அவன் சாக்கை விரித்துப் படுத்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். தலையும் மார்பும் உள்ளே. என் கால் ஜாக்கிக்குப் பக்கத்தில். ஒரு உதை போதும். ‘ஜாக்கி சறுக்கிடுச்சு’ என்றால் கரையான்சாவடியே நம்பும். வருஷத்துக்கு ஒருத்தன் அப்படிச் சாகிறான்.

உள்ளே படுத்தபடி பேசிக்கொண்டிருந்தான். “மச்சான், உன் தங்கச்சி இப்பல்லாம் ரொம்ப சைலன்ட்டாயிட்டா. உன் டயர் மாதிரியே.”

என் பாதம் ஜாக்கியின் மேல் இருந்தது. பார்த்தேன், என் பாதம்தான். மேல்சட்டைப் பையில் உன் கடிதம் இருந்தது, ‘இன்னொருவன் வந்து அடிப்பது எனக்கு விடுதலை இல்லை’ என்று. காலை எடுத்தேன். கட்டையை இழுத்து முட்டுக் கொடுத்தேன். அதற்குள் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. “இன்னா மச்சான், வெயிலா?” என்று கேட்டபடி எழுந்து சாக்கை உதறினான்.

டீ குடிக்க அனுப்பிவிட்டு வேலையை முடித்தேன். பஸ் ஸ்டாண்டு பக்கம் செருப்புத் தைக்கிறவரிடம் முன்னாலேயே வாங்கி வைத்திருந்தேன், கால் அங்குல ஆணி, தலை சப்பையாக இருக்கும். அந்த இடது பின் சக்கரத்தில், உள்பக்கப் பட்டனில், சமதூரம் விட்டு நாலு அடித்தேன். ரப்பருக்குள்ளேயே நிற்கும், ட்யூபைத் தொடாது. பஞ்சர் ஒட்டுகிற பசையை ஊற்றினேன், தெறிக்காது. உட்கார்ந்து பார்த்தாலும் தெரியாது. ரோட்டில் உருளும்போது டக், டக், டக், டக். ஓட்டுகிறவன் வலது பக்கம் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அவன் கதவே அதைவிட அதிகம் ஆடுகிறது.

உனக்குக் கேட்கிறதா என்று எழுது.

அருள்தாஸ்


அண்ணனூர்
25.7.1993

அண்ணா,

கேட்கிறது.

முதல் நாள் யாரோ தெருவில் குச்சியால் தட்டிக்கொண்டு வருகிறார்கள் என்று நினைத்தேன். பிறகு எண்ணினேன். கேட் சரிவிலிருந்து அல்ல, தெரு நடுவில் தண்ணீர்க் குழாயைத் தாண்டும்போதுதான் கேட்கிறது. முப்பது இல்லை, பன்னிரண்டுதான். பன்னிரண்டுக்குள் முடிக்கப் பழகிவிட்டேன். வேகமும் தெரிகிறது. டக்குகள் நெருக்கமாக வந்தால், வேலை பார்க்கும் பட்டறையில் யாரோடோ சண்டை போட்டுவிட்டு வருகிறார். அன்றைக்கு ரோஸியோடு நானும் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறேன், ரேஷன் கடைக்குப் போனேன் என்று சொல்லிக்கொள்ளலாம். போன வாரம் அப்படி ஒரு நாள். திரும்பி வந்தபோது அம்மியைத் தூக்கிப் போட்டு அடுப்பை நசுக்கியிருந்தார். நான் இருந்திருந்தால் அது அடுப்பாக இருந்திருக்காது.

ஜாக்கியைப் பற்றி எழுதியிருந்தாய். நீ காலை எடுத்ததற்காக நன்றி. உன்னை இழந்திருப்பேன். ஆனால் உன்னிடம் மட்டும் ஒன்று சொல்கிறேன். அந்தப் பத்தியை நான் நாலு தடவை படித்தேன். நாலு தடவையும், நீ காலை எடுக்கிற வரிக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டு, மிச்சத்தை நானே உதைத்து முடித்தேன். இப்படியும் ஒருத்தி எனக்குள் இருக்கிறாள். புத்தகம் படிக்கிறவள்தான் அவளும்.

ஹில்டா


கரையான்சாவடி
3.8.1993

ஹில்டா,

ஒரு விஷயத்தைப் போன கடிதத்தில் சொல்லவில்லை. ஆணித் தலை சப்பை, ரோடு அதை அரைக்கும். அவன் ஓட்டுகிற கணக்குக்கு இரண்டு மாசம் தாங்கும். அதற்குப் பிறகு ஆணி இருக்கும், சத்தம் இருக்காது. இன்னொரு தடவை அவன் வண்டியை என் கையில் கொடுப்பான் என்று நிச்சயமில்லை. செப்டம்பர் நடுவுக்குள் நீ அங்கிருந்து கிளம்ப வேண்டும்.

என் வீட்டுக்கு வா என்று சொல்ல ஆசை. ஆனால் அவன் முதலில் வந்து நிற்கும் இடம் அதுதான். வேலப்பன்சாவடியில் ஒரு காலேஜ், அவர்கள் பஸ்ஸுக்கு நான்தான் டயர் வேலை. டிரைவர் அய்யாசாமி மூலமாக விசாரித்தேன். பெண்கள் விடுதியில் வார்டனுக்கு உதவியாக ஆள் வேண்டுமாம். குழந்தையோடு தங்கலாம், சுற்றுச்சுவர், வாட்ச்மேன் எல்லாம் உண்டு. பத்தாவது சர்டிபிகேட் வேண்டும் என்றார்கள். இந்தத் தடவை நான் பஸ் ஏற்றிவிட மாட்டேன். கூட்டிப்போய் விடுவேன்.

அருள்தாஸ்


அண்ணனூர்
6.9.1993

அண்ணா,

சத்தம் மெலிகிறது. நாலு டக்கில் ஒன்று போய்விட்டது, மூன்றுதான் எண்ண முடிகிறது. பன்னிரண்டு ஏழாகிவிட்டது.

கிளம்பாததற்கு ஒரே காரணம், என் சர்டிபிகேட்டும் ரோஸியின் பிறப்புச் சான்றும் இரும்பு பீரோவில் இருக்கின்றன. சாவி அவர் இடுப்பில். வேம்புலியம்மாளிடம் இன்று சொன்னேன். “அட இன்னாம்மா நீ, பொட்டிக்கு சாவிதான் தொறப்பா? நான் ரயிலு பொட்டியையே தொறந்து பார்த்தவ. ஷெட்ல கம்பி கீது. செவ்வாக்கெழம எனக்கு லீவு. ரெண்டு பேரா போட்டு நெம்பிடலாம்” என்றார். படிக்கத் தெரியாத அவருக்கு இருக்கும் தெளிவு எனக்கு ஆறு வருஷமாக வரவில்லை.

பதினான்காம் தேதி, செவ்வாய், மதியம். வேலப்பன்சாவடியில் சொல்லி வை.

ஹில்டா


வேலப்பன்சாவடி
16.9.1993

அண்ணா,

ரயில் ஸ்டேஷனில் உன்னைப் பார்த்தபோது என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. வழி முழுக்க நீயும் கேட்கவில்லை. எழுதினால்தான் வரும்போலிருக்கிறது.

பீரோவை நெம்ப ஒரு மணி நேரமானது. கதவு மடங்கிப் பிளந்த சத்தத்தில் தெருவே கூடியிருக்க வேண்டும். காகிதங்களை எடுத்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். அப்போது ரோஸி சொன்னாள், “அம்மா, டக் டக்.” எனக்குக் கேட்கவே இல்லை. அவளுக்குக் கேட்டிருக்கிறது. ஐந்து வயசுக் குழந்தை, கையில் பொம்மையை வைத்துக்கொண்டு, எனக்காகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். நம் வீட்டில் நான் இருந்த மாதிரியே.

அந்த நேரத்தில் அவர் ஒருநாளும் வந்ததில்லை. நான் அவளைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். வேம்புலியம்மாள் கம்பியோடு நடுக்கூடத்தில் நின்றார். “நீ போம்மா. நான் கேட்டுக்கறேன் இவனை.” சுவருக்கு அந்தப் பக்கம் இறங்கும்போது எல்லாம் கேட்டது. “கெழவி, நீதாண்டி இதுக்கெல்லாம்!” என்று கத்தினார். அடி விழுந்தது. வேம்புலியம்மாள் விழுந்தார். மறுபடி அடி. பிறகு அவர் அலறியது கேட்டது, அவரேதான், என் புருஷன் பாஸ்கல். அவர் அலறி நான் கேட்டதே இல்லை. வேம்புலியம்மாள் கீழே கிடந்தபடியே கம்பியால் முழங்காலில் போட்டிருக்கிறார். அதற்குள் எதிர்வீட்டு நாகம்மாளும் தெருவின் மற்ற பெண்களும் விளக்குமாறும் குழாயடிக் குடங்களுமாக உள்ளே போய்விட்டார்கள். நான் திரும்பிப் பார்க்காமல் ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

வேம்புலியம்மாளின் முன்பல் இரண்டும் போய்விட்டன என்று அவர் மகன் வந்து சொன்னான். “வெத்தல மெல்லத்தான் கஷ்டம், வேற ஒண்ணும் இல்லன்னு சொல்லு” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நான் அந்தப் பல்லுக்கு என்ன பதில் சொல்வது?

ஹில்டா


கரையான்சாவடி
24.9.1993

ஹில்டா,

கையெழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை வந்தான், நொண்டிக்கொண்டு. கடை வாசலில் நின்று உள்ளங்கையை நீட்டினான். மூன்று ஆணி, தலை தேய்ந்து ஊசி மாதிரி. யாரோ பஞ்சர் கடையில் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறான். “இது மூணுதான் கீது. நாலாவது ஓட்டை காலி. அந்த ஆணி எங்கடா?” என்றான். நான், “அது தேய்ஞ்சு போச்சு. அதுக்கு முன்னாடியே என் தங்கச்சி போயிட்டா” என்றேன். சொன்னதற்கு வருத்தமில்லை.

சுவரில் மாட்டியிருந்த லீவரை எடுத்தான். நான் அவனுக்காக வைத்திருந்த அதே மூன்றடி லீவர். முதல் அடியைத் தடுத்ததில் வலது மணிக்கட்டு உடைந்தது. இரண்டாவது தோளில். ஜாக்கி, ஏர் பைப், கண்ணாடி எல்லாவற்றையும் அடித்து நொறுக்கினான். “எங்க அவ? எங்க அவ?” என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டான். ஒவ்வொரு அடிக்கும் நான் தெரியாது என்றேன். எதிர்க்கடைக்காரரும் ஆட்டோக்காரர்களும் வந்து, ட்யூபால் கையைக் கட்டி உட்காரவைத்தார்கள். பட்டப்பகல், பஜார் ரோடு, நாற்பது பேர் சாட்சி. போலீஸ் எழுதிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் எப்படி ஆச்சு என்று கேட்டார்கள். வழுக்கி விழுந்தேன் என்று சொல்லவில்லை. என் மச்சான் அடித்தான் என்றேன். நீயும் வந்து உன் காதை எழுதிக்கொடுத்தால் வழக்கு நிற்கும் என்கிறார் வக்கீல்.

ஜாமீனில் வந்துவிடுவான். அதை மறைக்க மாட்டேன். நாலு டயரும் இன்னும் புதுசுதான், இன்னும் மூன்று வருஷம் சத்தமில்லாமல் ஓடும். அதை நினைத்துத்தான் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அருள்தாஸ்


வேலப்பன்சாவடி
1.11.1993, திங்கள்

அண்ணா,

போன வாரம் அய்யாசாமி அண்ணனோடு போய் என் காதையும் கழுத்தையும் எழுதிக்கொடுத்தேன். பழைய ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘வழுக்கி விழுந்தார்’ என்று இருக்கிறதே என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். அது நான் சொன்ன பொய், இது உண்மை, இரண்டையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். வேம்புலியம்மாளும் வந்திருந்தார். பல்லில்லாத வாயைத் திறந்து இன்ஸ்பெக்டருக்குக் காட்டி, “இதுவும் வழுக்கி வுயுந்ததுதான் நைனா, அவன் கை மேல” என்றார். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது.

அவர் வெளியே வந்துவிட்டார் என்று தெரியும். இரண்டு வாரத்துக்கு முன்னால் விடுதி கேட் வரைக்கும் வந்தார். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை, வார்டன் போலீஸுக்குப் போன் செய்தார், போய்விட்டார். அவர் வந்தது எனக்குக் கேட்கவில்லை. பிறகு சொல்லித்தான் தெரியும்.

இந்த விடுதி டிரங்க் ரோட்டை ஒட்டி இருக்கிறது. லாரி, பஸ், வேன், நிற்பதே இல்லை. வந்த புதிதில் ஒவ்வொரு டயரையும் கேட்டேன். எது ரீட்ரெட், எது புதுசு, எதில் கல் மாட்டியிருக்கிறது, எல்லாம். ரோஸியும் கேட்டாள். இரண்டு பேரும் பேசாமல் உட்கார்ந்து ரோட்டைக் கேட்டுக்கொண்டிருப்போம். ஆனால் ஆயிரம் சக்கரத்தில் ஒன்றைப் பிரிக்க முடியாது. அதிலும் சத்தமே இல்லாத ஒன்றை எப்படிப் பிரிப்பது? முதலில் அது பயமாக இருந்தது. போன வாரம் ஒரு லாரி பட்டனில் கல் மாட்டி டக் டக் என்று போனது. நான் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டேன். ரோஸி நிமிரவில்லை. படம் வரைந்துகொண்டிருந்தாள். “அம்மா, பச்சை பென்சில் எங்க?” என்றாள்.

டயரைப் பற்றி நினைத்து நீ சாப்பிடாமல் இருக்காதே. நாளை கல்லறைத் திருநாள். அம்மா கல்லறைக்கு எட்டு மணிக்கு வருகிறேன், ரோஸியோடு. மெழுகுவர்த்தி நீ வாங்கி வா. நான் கண்ணாடி வளையல் வாங்கி வைத்திருக்கிறேன், ஒரு டஜன், அம்மாவுக்கு. கல்லின் மேல் வைத்துவிட்டு வரலாம்.

நேற்று ஞாயிறு. மதியம் வேலை இல்லை. படுத்தேன். எழுந்தபோது மணி நாலரை, ரோஸி என்னை உலுக்கிக்கொண்டிருந்தாள். எவ்வளவு கூப்பிட்டேன், உனக்குக் கேட்கவே இல்லையே என்றாள். அப்போதுதான் பார்த்தேன். வலது காதைத் தலையணையில் அழுத்தித் தூங்கியிருக்கிறேன்.

ஹில்டா